ஒன்பதாவது சிப்

மருத்துவமனையின் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு 'பிளேட் மேடம்' என்று பெயர். விபத்தாலோ கட்டியாலோ மண்டையோட்டில் ஒரு துண்டை எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு, அந்த இடத்தை மூடும் தகட்டை வடிவமைத்துத் தருவது அவள் தொழில். நோயாளியின் ஸ்கேன் படங்கள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றைக் கணினியில் அடுக்கி முழு மண்டையோடாக்குவாள். ஓடு இருக்கும் பக்கத்தின் வளைவைப் பார்த்து, இல்லாத பக்கத்தை வரைவாள். அடுத்த அறையில் இருக்கும் கடைசல் இயந்திரம் அதை உள்ளங்கை அளவுத் தகடாகக் குடைந்து தரும். பத்து வருடமாக இதே வேலை. வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் பட்டறை.

அவளிடம் இருந்த வொர்க்ஸ்டேஷன் பழையது. கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி ஒன்று மூடியபோது வாங்கியது. இரும்புப்பெட்டி மாதிரி கனம். இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். ஆனால் ஒருநாளும் அவளைக் கைவிட்டதில்லை. போன வருடம் மருத்துவமனையில் புது ஸ்கேன் இயந்திரம் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. படங்கள் முன்பைவிட மூன்று மடங்கு பெரிதாக வந்தன. ஒரு மண்டையோட்டைத் திரையில் திருப்புவதற்குள் காபி ஆறிவிடும்.

கணவனின் தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வீட்டில் அவனுக்கு 'ரீஸ்டார்ட்' என்று பட்டப்பெயர். எந்தப் புகார் போனாலும் முதல் பதில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதுதான். நாற்பதை நெருங்கியும் விளையாட்டுத்தனம் போகாதவன். அண்ணியிடம் மட்டும் அவனுக்கு ஒரு தனி மரியாதை. தன் கடையில் யாராவது வந்து உட்கார்ந்தால், "எங்க அண்ணி மண்டைக்கு மூடி செய்யறவங்க" என்று பெருமை அடித்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான்.

"அண்ணி, இதுல எட்டு ஸ்லாட் இருக்கு. நாலுலதான் ரேம் போட்டிருக்கு. மீதி நாலும் சும்மா வாயப் பொளந்துகிட்டு நிக்குது."

"அதுக்கு ஏத்த ரேம் இப்ப கிடைக்கறதில்லன்னு நீதானே சொன்ன?"

"அதே கம்பெனி, அதே மாடல் கிடைக்காது. ஆனா உள்ள உக்கார்ற ரேம் என் கடையில நிறைய கிடக்கு. ஒரு ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரெல்லாம் கழட்டிப் போட்டாங்க. நாளைக்கே கொண்டுவந்து போட்டுடறேன்."

"வேற வேற ரேமைக் கலந்து போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"என்ன அண்ணி, கல்யாணத்துக்கு ஜாதகமா பாக்கறோம்? ஸ்லாட்ல உக்காந்தா ஓடும். ஓடலைன்னா கழட்டிடப் போறேன். அவ்வளவுதான்."

மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து நான்கு ரேம்களையும் செருகினான். கணினி ஒருமுறை கூவியது. திரையில் இரண்டு வரி வந்தது. நினைவகத்தின் பிழை சரிபார்ப்பு நிறுத்தப்பட்டது, தொடர ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்று. அவன் அதைப் படித்தான். அதன் பொருளும் அவனுக்குத் தெரியும். பழைய ரேம்கள் தங்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும் வகை. எட்டு சிப் தகவலை வைத்துக்கொள்ள, ஒன்பதாவது சிப் ஒன்று காவலுக்கு நிற்கும். எங்காவது ஓர் எண் தடுமாறினால் அந்த இடத்திலேயே திருத்திவிடும். அவன் கொண்டுவந்தவை வீட்டுக் கணினிகளில் இருக்கும் சாதாரண வகை. காவலில்லாத ரேம் ஒன்று சேர்ந்தாலும் மொத்தக் காவலும் நின்றுவிடும்.

ஊர் உலகத்தில் முக்கால்வாசிக் கணினிகள் காவல் இல்லாமல்தானே ஓடுகின்றன என்று நினைத்தான். ஒவ்வொரு தடவை போடும்போதும் இந்த வரிகள் வந்தால் அண்ணி பயந்துவிடுவாள் என்றும் நினைத்தான். அமைப்புகளுக்குள் போய் அந்த எச்சரிக்கையே வராதபடி மாற்றினான். ரேம்களைச் சோதிக்கும் நிரலை ஓடவிட வேண்டும்; அது முடிய நான்கு மணி நேரம் ஆகும். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். கிளம்பிவிட்டான்.

"டெஸ்ட் எல்லாம் போட்டியா?" என்று சாயங்காலம் போனில் கேட்டாள்.

"எல்லாம் ஓகே அண்ணி. இனிமே குதிரை மாதிரி ஓடும்."

ஓடவும் செய்தது. மண்டையோடு விரல் சொன்னபடி சுழன்றது. அடுத்த இரண்டரை மாதத்தில் பத்தொன்பது தகடுகள் முடித்தாள். இத்தனை வேகமாக அவள் என்றுமே வேலை செய்ததில்லை.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதிதாக வந்த ஸ்கேன் ஒன்றை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் மண்டையோட்டின் உச்சியிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு புள்ளி, தன் இடத்தை விட்டுத் தெறித்துப்போய் நின்றது. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி அசைந்திருப்பார் என்று எண்ணி, முதலிலிருந்து அடுக்கச் சொன்னாள். முள் காணாமல் போனது. காதுக்குப் பின்னால் வேறொரு முள் முளைத்திருந்தது.

படம் ஒன்றுதான், கட்டளையும் ஒன்றுதான். அப்படியானால் விடையும் ஒன்றாகத்தான் வரவேண்டும். மூன்றாவது முறை ஓடவிட்டாள். இந்த முறை முள் இல்லை. ஆனால் மண்டையோட்டின் கன அளவு முன்பு வந்ததிலிருந்து மாறியிருந்தது. ஒரு தாளில் மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். மூன்றும் மூன்று விதம்.

கணினியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அனல் அடித்தது. பழைய ரேம் ஒன்றையும் புதியது ஒன்றையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புச் சிப்புகளை விரலால் தொட்டு எண்ணினாள். ஒன்றில் ஒன்பது. மற்றதில் எட்டு.

அவன் போட்ட நான்கையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பழைய நான்கோடு அதே படத்தை ஓடவிட்டாள். கணினி பழையபடி ஆமையாகிவிட்டது. மூன்று முறை முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று முறையும் கடைசி இலக்கம்வரை ஒரே எண்.

போன் போட்டதும் கால் மணி நேரத்தில் ரீஸ்டார்ட் வந்து சேர்ந்தான். மேசைமேல் கிடந்த நான்கையும் பார்த்ததுமே அவன் முகம் மாறியது.

"நீ டெஸ்ட் போட்டியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"போட்டேன் அண்ணி. அதாவது... ஆன் ஆகுதான்னு பாத்தேன்."

"நான் அதக் கேக்கல."

அவன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"போட்டப்போ ஏதாவது மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் நான் ஒரு தடவகூட பாக்கல?"

"நான்தான் வராம பண்ணிட்டேன். நீங்க பயப்படுவீங்கன்னு..." என்று இழுத்தான். "சத்தியமா அண்ணி, ரேம் கெட்டுப்போயிருக்கும்னு எனக்குத் தெரியாது. நாலுல ஒண்ணுதான் கெட்டிருக்கணும், அதுவும் சூடானா மட்டும். அதனாலதான் இத்தன நாள் தெரியல."

"பத்தொம்பது பேரு தம்பி," என்றாள் அவள். "பதினாலு பேருக்கு வச்சுத் தச்சாச்சு."

அவன் நாற்காலியில் உட்காரவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் அவள் கணவன் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் நிதானமாகப் பேசுகிறவன். நடந்ததைக் கேட்டுவிட்டு, தம்பியை ஒரு பார்வை பார்த்தான்.

"முதல்ல பத்தொம்பதையும் பழையபடி ஓட்டிப் பாரு. ஒண்ணும் இல்லன்னு வந்தா எதுக்கு ஊரைக் கூட்டணும்? இருந்தா அப்ப சொல்லிக்கலாம்."

"எல்லாத்தையும் ஓட்ட ரெண்டு நாள் ஆகும். நாளைக்குக் காலைல ஒருத்தருக்கு ஆபரேஷன்."

"அந்த ஒண்ண மட்டும் இப்பவே ஓட்டேன்."

"இதுல இருக்கற காப்பிய நம்ப முடியாது, ஆஸ்பத்திரிலருந்து ஸ்கேன புதுசா வாங்கணும்; அந்த ரூம ஒம்பது மணிக்குத்தான் தொறப்பாங்க. காலைல ஏழு மணிக்கே அவர உள்ள கொண்டுபோயிடுவாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னா இனிமே உனக்கு ஒரு வேலையும் வராது. பத்து வருஷமாச் சேத்த பேரு. அவன் தெரியாமதானே பண்ணிட்டான்?"

கணவன் சொன்னதில் பாதி அவள் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அடுத்த அறைக்குப் போய், நின்றபடியே டாக்டரை அழைத்தாள்.

டாக்டர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அது அவர் வழக்கமில்லை.

"என் பேஷன்ட் ரெண்டு தடவ தேதி தள்ளிப்போனவர். தலையெல்லாம் மழிச்சாச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டர்."

"அந்த பிளேட் தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்புன்னு சொல்லல. சரின்னு என்னால சொல்ல முடியல."

"நிறுத்தறேன். பத்தொம்பதையும் பாத்துட்டு எழுத்துல குடுங்க. எழுத்துல," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

காலையில், ஆபரேஷன் நின்றுபோன பேருந்து ஓட்டுநரின் மனைவியிடமிருந்து போன் வந்தது. ஐந்து மாதமாகத் தலையில் பள்ளத்தோடு, துண்டு கட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் கிடக்கும் மனிதனின் மனைவி. தகடு எப்போது தயாராகும் என்று வாரம் தவறாமல் கூப்பிட்டுப் பேசியவள். பேசிப்பேசி இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது.

"ஏன் அக்கா, உங்க மெஷின் ரிப்பேர்னா என் வீட்டுக்காரர் என்ன பண்ணுவாரு? நேத்துலருந்து பட்டினி. இன்னிக்கு முடிஞ்சிடும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன். நிறுத்தின சேதி வார்டுக்குக் காலைலதான் வந்துச்சாம். தள்ளுவண்டில படுக்க வச்சுட்டுத் திருப்பி வார்டுக்கே கொண்டு வந்துட்டாங்க. அவர் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசல."

"ரெண்டு நாள் குடும்மா."

"இதத்தான் எல்லாரும் சொல்றீங்க," என்று அவள் போனை வைத்தாள்.

இரண்டு நாளும் ரீஸ்டார்ட் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். கணினியைத் தொடவில்லை, அவள் கேட்ட கோப்பை எடுத்துத் தருவான், வந்த எண்ணைப் பலகையில் எழுதுவான். ஓட்டுநரின் தகட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். பழைய கணக்கும் புதிய கணக்கும் மயிரிழை விலகாமல் ஒத்துப்போயின. குறையே இல்லாத தகடு. பாவம் அந்த மனிதனைப் பட்டினி போட்டு, வண்டியில் ஏற்றி, திருப்பி அனுப்பியதுதான் மிச்சம்.

"பாத்தியா?" என்றான் கணவன் வாசற்படியில் நின்று.

இரண்டாவது, மூன்றாவது, எட்டாவது. எல்லாம் சரியாக வந்தன. ரீஸ்டார்ட்டின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடத் தொடங்கியது. பதினொன்றாவதில் இரண்டு வடிவங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, தகட்டின் உட்பக்கத்தில் கட்டைவிரல் நக அகலத்துக்கு, ஒத்துப்போகாத இடமென்று சிவப்பு காட்டியது. அந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் மேடு. முள்ளாக நின்றிருந்தால் அன்றே அவள் கண்ணில் பட்டிருக்கும். வடிவத்தை மழமழப்பாக்கும் கட்டளை முள்ளைத் தேய்த்து மேடாக்கியிருந்தது. விளிம்புகளைத்தான் அவள் மாதிரி மண்டையோட்டில் பொருத்திப் பார்ப்பது வழக்கம்; விளிம்பில் ஒரு பிசிறும் இல்லை. இயற்கையான வளைவென்று தானே தடவிப் பார்த்து அனுப்பியது அவளுக்கு நினைவு வந்தது.

ஒரு தையல்காரியின் தகடு அது. முப்பது வயதுகூட ஆகாதவள். தகடு வைத்து ஏழு வாரமாகியிருந்தது. மீதி எட்டையும் பார்த்து முடித்தார்கள். வேறு எதிலும் பிழையில்லை.

டாக்டருக்கு எழுத்தில் கொடுத்தாள். படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணு மூணு தடவ வந்துச்சு. உள்ள எதுவோ அமுக்குதுன்னு சொல்லிச்சு. நானே நரம்பு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பினேன். போன தடவ மனநல டாக்டரப் பாக்கச் சொன்னேன்."

அவர் அதை அவளிடம் சொல்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

தையல்காரியிடம் மறு ஆபரேஷன் விவரத்தை டாக்டர் சொல்வார் என்று முடிவானது. ஆனால் அதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று பிளேட் மேடம் கிளம்பினாள். ரீஸ்டார்ட் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"நீ வரணும்னு இல்ல."

"நான் வராம நீங்க மட்டும் போய் நின்னா, அது என்ன நியாயம் அண்ணி?"

மாடிப்படி ஏறி மூன்றாவது வீடு. ஒற்றை அறை. ஜன்னலோரத்தில் தையல் மெஷின்மேல் துணி மூடியிருந்தது. தையல்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றி மெல்லிய சால்வை. அவளுடைய அம்மா இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். யாரும் உட்காரவில்லை.

தகட்டின் உட்பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது, அது அங்கே இருக்கக்கூடாது, அது தன் பட்டறையில் நேர்ந்த தவறு என்று பிளேட் மேடம் சொன்னாள்.

"எந்த இடத்துல?" என்று கேட்டாள் தையல்காரி.

பிளேட் மேடம் தன் தலையில் தொட்டுக் காட்டினாள். இடது காதுக்கு நான்கு விரல் மேலே.

தையல்காரியின் கண் நிறைந்துவிட்டது. "அம்மா, கேட்டியா? அதே இடம். நான் கை வச்சுக் காட்டுவேன்ல, அதே இடம். எனக்குப் பைத்தியம் இல்லம்மா." அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எல்லாரும் மனசுல இருக்குன்னாங்க. ராத்திரி தலையைச் சுவத்துல முட்டிக்கலாம்போல இருக்கும். அப்பவும் மனசுல இருக்குன்னு நானே எனக்குச் சொல்லிக்குவேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது ரீஸ்டார்ட் பேசினான். "தப்பு அண்ணியோடது இல்லங்க. கம்ப்யூட்டர்ல மாத்தி வேற ரேம் போட்டது நான். அது எச்சரிக்கை குடுத்துச்சு. அத நான்தான் அணைச்சு வச்சேன். சோதிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, சோதிச்சேன்னு பொய்யும் சொன்னேன்."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "எத்தன நேரம் ஆகும் சோதிக்க?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரம்," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "திரும்பவும் என் தலையைத் திறக்கணும், இல்ல?"

பிளேட் மேடம் தலையசைத்தாள்.

"சொன்னதுக்கு நன்றி. இப்பப் போங்க. உங்க முகத்த என்னால பாக்க முடியல."

பதினோரு நாள் கழித்து டாக்டர் தையல்காரியின் தகட்டை மாற்றினார். அழுத்தம் அன்றைக்கே நின்றுவிட்டது என்று அவளுடைய அம்மா போன் செய்து சொன்னாள். ஓட்டுநருக்கு அதற்கு முந்தைய வாரமே வைத்துத் தைத்தாயிற்று. அவர் மனைவி அதைச் சொல்லக் கூப்பிடவில்லை. பிளேட் மேடம் வார்டு நர்ஸிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

மருத்துவமனை நான்கு மாதம் அவளுக்கு வேலை அனுப்பவில்லை. பிறகு, ஒவ்வொரு தகட்டையும் இரண்டு வேறு கணினிகளில் கணக்கிட்டு ஒப்பிட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒன்றிரண்டு வரத்தொடங்கின. டாக்டர் பழையபடி சிடுசிடுக்கவும் ஆரம்பித்தார். அவள் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டாள்.

ரீஸ்டார்ட் தன் கடை நோட்டை எடுத்து, அந்த ஆபீஸ் ரேம்களை வேறு யார் யாருக்குப் போட்டான் என்று தேடினான். பதிமூன்று இடம். ஒவ்வொரு இடத்துக்கும் போய், மெஷினுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்து சோதித்தான். ஓடுவதை ஏன் நிறுத்துகிறாய் என்று இரண்டு பேர் திட்டி அனுப்பினார்கள். போன இடத்தில் வேறெதுவும் கெட்டதாகக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவது நின்றது. அண்ணன் போய்க் கூட்டிவந்தால் வருவான், தலை குனிந்து சாப்பிடுவான், கை கழுவிவிட்டு உடனே கிளம்பிவிடுவான். அவளும் 'இரு தம்பி' என்று சொல்ல வாயெடுப்பாள், வார்த்தை வராது. கோபம் போய்விட்டதென்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது தையல்காரி ஸ்கேன் எடுக்க வந்திருந்தாள். பிரிவின் வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது இருவரும் பார்த்துக்கொண்டார்கள். முடி குட்டையாக வளர்ந்திருந்தது. வலி இல்லை என்றாள். நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள்.

"தைக்க ஆரம்பிச்சுட்டியாம்மா?"

"ஆரம்பிச்சேன். வலது கை முன்ன மாதிரி இல்ல. ஊசில நூல் கோக்கவே அம்மாவக் கூப்பிட வேண்டியிருக்கு."

"அது... பிளேட்டாலயா?"

"டாக்டர்கிட்ட கேட்டேன். விபத்துலயே அப்படி ஆகியிருக்கலாம்கறாரு. அந்த ஏழு வாரத்துலயும் ஆகியிருக்கலாம்கறாரு. அவருக்கே தெரியல." அவள் வலது கையை விரித்து மூடிக் காட்டினாள். சுண்டுவிரல் கொஞ்சம் தாமதமாக மடங்கியது. "உங்க கொழுந்தனார் வீட்டுக்கு வந்தாரு, தெரியுமா? போன மாசம். வாசல்லயே நின்னாரு. மெஷின்ல ஏதாவது ரிப்பேர் இருந்தா பாக்கட்டுமான்னு கேட்டாரு. தையல் மெஷின்ல அவருக்கு என்ன தெரியும்?"

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அம்மா தண்ணி குடுத்தாங்க. குடிச்சுட்டுப் போனாரு."

உள்ளேயிருந்து நர்ஸ் அவள் வரிசை எண்ணைக் கூப்பிட்டாள். தையல்காரி எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். பிளேட் மேடம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். கையிலிருந்த கோப்பை டாக்டரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனாலும் ஸ்கேன் அறைக் கதவு மறுபடி திறக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.